ஈறுக்குடிகள் வெளியேறிய வருஷம்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து, வேன் பயணத்தில் இடிபட்டு வந்த அலுப்பும் தீர்ந்து, பீடி இலையும் தூளும் வைத்துச் சுற்றும் சொளவுமுறம் மறுபடியும் பெண்களின் மடிக்கு ஏறிவிட்ட ஒரு காலையில், என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் தெரு அடிபம்பில் வாய் கொப்பளித்துத் துப்பினபோது, தண்ணீரோடு கொஞ்சம் ஆட்களும் வெளியே வந்தார்கள்.

கடுகைவிடச் சின்ன ஆட்கள். தலையில் பானை சட்டி, கக்கத்தில் பாய், இடுப்பில் பிள்ளை என்று, குளம் உடைந்த ஊரைக் காலி பண்ணிக்கொண்டு வருகிறவர்கள் மாதிரி, அவருடைய கீழுதட்டைப் பிடித்து இறங்கி, சவரம் பண்ணாத நாடி முடியில் தொங்கி, பம்படிச் சிமெண்டுத் தரையில் குதித்து, ஈரத்தை உதறிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அவர்களை நசுக்கிவிடாமல் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அத்தான் குனிந்து பார்த்தார். அத்தான் என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவது.

"யாருல நீங்கல்லாம்?" என்றார்.

"யாருன்னா கேக்க? நீ பல்லு முளைச்ச நாள்லேருந்து உன் ஈறுலதான் கிடக்கோம்" என்று பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி முன்னால் வந்தாள். "உன் கீழ்வரிசை முன்பல்லு அடியில எங்க வீடு."

"வாடகை குடுத்தியளா?"

"கெட்டதுகள உள்ள விடாம வாசல்ல நின்னு விரட்டினது யாரு, உங்க அக்காளா? வாடகை கேக்க வந்துட்டான் கண்டக்டரு."

பம்படியில் எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அவர் மினி பஸ்ஸில் கண்டக்டர். எல்லாரையும் சிரிக்க வைத்தே டிக்கெட் கொடுக்கிறவர், தன்னைச் சிரித்தால் கோபப்பட மாட்டார். நான்தான் எங்கள் கைப்பிள்ளை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "இப்ப எதுக்கு வெளிய வந்திய?" என்று கேட்டேன்.

"உள்ள காத்து இல்ல தாயி" என்றாள் அந்த முன்பல்லுக்காரி. என் பாப்பாவையும் தன் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "புகை வந்து வந்து காத்தத் தள்ளிட்டு. காத்து வேண்டாத ஒரு கூட்டம் வந்து இறங்கியிருக்கு. இருட்டுல கிடக்கவனுவ. அவனுவளுக்குப் புகைன்னா திருவிழா. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல குழி தோண்டி அதுக்குள்ள குடும்பம் நடத்துதானுவ. நாங்க மூச்சு விடுத சாதி. எங்களால முடியல."

அவர்களை ஒரு எவர்சில்வர் தம்ளரில் இறக்கி, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நான் பீடி சுற்ற உட்கார்ந்தேன்.

எங்கள் வாகைப்பேரியில் எல்லாப் பெண்களும் பீடி சுற்றுகிறவர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் சமைப்பாளா என்று கேட்கிறார்களோ இல்லையோ, சுற்றுவாளா என்று கேட்காமல் போக மாட்டார்கள். பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொட்டும்போது வளைந்தது, புகையிலைத் தூள் குறைந்தது, நூல் இளகினது என்று கழித்துப் போடுவார்கள், அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து வீட்டு ஆண்களுக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். கல்யாணமான புதிதில் வெட்கத்தில் புருஷனிடம் பேச வாய் வராத பெண்கூட, கழித்த பீடியைக் காகிதத்தில் மடித்து அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டால் போதும், அவளுக்குப் பிரியம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அப்படிப் பிரியம் காட்டிக் காட்டித்தான் எங்கள் ஊர் ஆண்களின் வாய்க்குள் புகை ஒருநாளும் ஓயாமல் இருந்தது.

ஆகையால் அந்த வாரத்திலேயே வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியேறினார்கள். டீக்கடை வைரவனுக்குப் பஜ்ஜி போடும்போது தும்மலோடு வந்தார்கள், எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்ததால் பிழைத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மைக்கைப் பிடித்துத் தெருவிளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், அவர் வாயிலிருந்து இறங்கினவர்கள் மைக்கின் சல்லடையில் உட்கார்ந்து யார் மூட்டை யாருடையது என்று சண்டை போட்டது ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. ரேஷன் கடைக்காரர் இவர்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அரிசி போடச் சொல்லுவார்களோ என்று பயந்து கடையைத் திறக்காமல் இருந்தார். கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டதற்கு, "இது சாமியும் இல்ல பேயும் இல்ல, படையல் கிடையாது. வாய்க்குள்ள இருந்து வந்ததுன்னா எச்சி. எச்சிய நடைக்குள்ள விட முடியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. ஈறுக்குடிகள் என்று ஒரு பேர் வைத்தது, பேர் வைத்ததும் பழகிப்போயிற்று.

ஆனால் அவர்களுக்கு வெளியில் வாழ்வு இல்லை. வாயின் சூடும் எச்சில் ஈரமும் இல்லாமல் வாடினார்கள். பெண்கள் பாட்டில் மூடியில் கஞ்சித்தண்ணி ஊற்றிப் பார்த்தோம். பாவம் பார்த்து எங்கள் வாய்க்குள்ளேயே கொஞ்சம் பேரை ஒதுங்கச் சொன்னோம், எங்களுக்குள் ஏற்கெனவே இருந்தவர்கள் இடம் விடாமல் ஏச, கன்னத்துக்குள் நாள் முழுக்க ஒரே நமநமப்பு. மிஞ்சினவர்கள் தம்ளர் விளிம்பில் உப்புக் கோடு மாதிரிக் காய்ந்து போனார்கள். அந்தக் கோட்டை முந்தானையால் துடைத்துவிட்டு அதே தம்ளரில் காப்பி ஊற்றினோம். வேறு என்ன செய்வது. முன்பல்லுக்காரியும் அவள் பிள்ளையும் அவர்கள் ஆட்களில் கொஞ்சம் பேரும் மட்டும் என் கன்னத்து ஓரத்தில் ஒண்டிக்கொண்டு தப்பினார்கள்.

அப்போதுதான் ஆண்களின் வாயில் ரத்தம் நின்றது.

முன்பெல்லாம் உமிக்கரி போட்டு விளக்கும்போது யாருக்காவது ஈறில் ரத்தம் கசியும், துப்பினால் எச்சில் சிவந்திருக்கும், இரண்டு நாள் உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் சரியாகும். ஈறுக்குடிகள் போன பிறகு ஒரு ஆணுக்கும் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. வலி இல்லை, வீக்கம் இல்லை, கூச்சம் இல்லை. இதை முதலில் கண்டு சொன்னது என் மதினி சண்முகவடிவு.

அத்தானுக்கு ஒரே அக்கா அவள். அடுத்த வீட்டில் இருந்தாள். அவர்களுடைய அம்மா ரத்தம் ரத்தமாகக் கக்கிச் செத்தபோது அத்தான் தவழ்கிற பிள்ளை, அவளுக்குப் பாவாடை கட்டுகிற வயசு. அன்றிலிருந்து தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கோழி அறுக்கிற இடத்தில்கூட நிற்க மாட்டாள்.

"பாத்தியளா, அந்த எச்சிக்குடிய போனதும் ரத்தம் நின்னுட்டு" என்று அவள் பம்படியில் நின்று எல்லாருக்கும் சொன்னாள். "இம்புட்டு நாளும் அதுகதான் உள்ள இருந்து கடிச்சிருக்கு. நல்லவங்க மாதிரி மூட்டையத் தூக்கிட்டு வந்து நடிச்சிருக்கு பாருங்க."

பொங்கலுக்கு அடித்து மிஞ்சின சுண்ணாம்பைக் கரைத்து, பம்படியில் துவைக்கிற கல்லுக்கு அவளே வெள்ளை அடித்தாள். காலையில் பல் விளக்கினதும் தம்பியை அதில் துப்பச் சொன்னாள். வெள்ளையாக இருந்தது. வைரவன் துப்பினான், அவனுக்கும் வெள்ளை. மறுநாள் மேலத்தெருக்காரர்களும் வந்தார்கள். சித்திரை முடிவதற்குள் அது ஊர் வழக்கமாகிவிட்டது. விடிந்ததும் ஆண்கள் சட்டையில்லாமல் வரிசையாக நிற்பார்கள், ஒவ்வொருத்தனாகக் கல்லில் துப்புவான், பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அடுத்தவனுக்குக் கல் சுத்தமாகும். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டு, "கல்லுல துப்பச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சைக்கிள் கடை ஐயம்பெருமாள் என்று ஒருத்தன், பீடியே தொடாதவன், அவன் வாயிலிருந்து யாரும் வெளியேறவும் இல்லை. அவன் துப்பினதில் ஒருநாள் இளஞ்சிவப்பாக ஒரு இழை ஓடிற்று. பெண் வீட்டார் காப்பி குடிக்காமல் எழுந்து போனார்கள். "பீடியக் குடில, வாய் சுத்தமாகும்" என்று வைரவன் பற்றவைத்துக் கொடுத்தான். அந்த வாரமே ஐயம்பெருமாளின் ஆட்களும் மூட்டை கட்டினார்கள். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது.

ஊரே சந்தோஷமாக இருந்த அந்த வைகாசியில்தான் அத்தானின் விசில் விழுந்தது.

கையில் டிக்கெட்டும் சில்லறையும் இருப்பதால் விசிலை எப்போதும் முன்பல்லில் கடித்துக்கொண்டு இருப்பார். பஸ் கிளம்ப ஊதினார். சத்தம் வருவதற்குப் பதில், விசில் பல்லிலிருந்து நழுவி, சந்தைக்குப் போகிற ஒரு பெரியம்மாவின் கத்தரிக்காய்ப் பெட்டியில் விழுந்தது. "கண்டக்டர் தம்பி கறிக்கு விசில் போட்டுக் குடுக்காரு" என்று அந்த அம்மா சொல்ல, பஸ் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கடித்தார். மறுபடியும் நழுவிற்று. நாக்கால் தள்ளிப் பார்த்தார், முன்பல் இரண்டும் நாக்கோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய் வந்தன. வலியே இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டு, விரலால் அசைத்துக் காட்டினார். ஈறு வெளிறி, ஒரு குறையும் சொல்ல முடியாத மாதிரி, கல்லில் அடித்த சுண்ணாம்பு மாதிரி இறுக்கமாக இருந்தது. அதற்குள் பல் மட்டும் ஆடிற்று.

"ஒரு சொட்டு ரத்தம் இல்லட்டி. பிறகு எப்படி ஆடும்?" என்றார்.

என் கன்னத்துக்குள்ளிருந்து முன்பல்லுக்காரி வாயோரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அதான்யா பேச்சு" என்றாள். "உன் ஈறுக்கு ரத்தம் வர்ற வாய்க்காலப் புகை அடைச்சுப் போட்டுட்டு. கீழ எலும்பு வரைக்கும் தோண்டியாச்சு. ரத்தம் வந்தாத்தான உனக்குத் தெரியும், வலிச்சாத்தான உனக்குத் தெரியும்? சத்தம் இல்லாம வீட்ட இடிக்கானுவ. நீ கல்லுல துப்பி வெள்ளை வெள்ளைன்னு ஆடிக்கிட்டு நிக்க."

அத்தான் சிரிக்கவில்லை. "இப்ப என்ன செய்யணும்?"

"புகைய நிறுத்து. காத்து வரட்டும், நாங்க திரும்பிருதோம். பல்லு நிக்கும். முழுசா பழைய மாதிரி இல்லன்னாலும் நிக்கும். ஆனா ஒண்ணு. வாய்க்கா திறக்கும்போது ரத்தம் வரும். அடைச்சுக் கிடந்தது ஓடத்தான செய்யும்? அதப் பாத்துப் பயந்துராத. கொஞ்ச நாள் ஓடட்டும்னு விட்டுரு. பயந்து மறுபடியும் புகைய விட்டியோ, பல்லு விழுந்துரும். வீடு விழுந்துட்டா நாங்க திரும்பி வர இடம் கிடையாது."

அத்தான் யோசித்தார். பஸ் முதலாளி ஏற்கெனவே, "விசில் ஊதத் தெரியாத ஆள வச்சு நான் என்ன செய்ய?" என்று விளையாட்டாகக் கேட்டிருந்தார். பாயில் கிடந்த பாப்பா அவரைப் பார்த்துக் கை நீட்டினாள். அவளைத் தூக்கிக்கொண்டே, சட்டைப் பையில் இருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் மடித்து வைத்த காகிதம்தான்.

ஆனி மாதம் முழுக்க அவர் பீடி தொடவில்லை. அது எப்படி இருந்தது என்று சொன்னால் யாருக்கும் புரியாது. சோற்றில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினார், உப்பு இருந்தது. பாப்பா அழுதால் தெருவுக்குப் போய் நின்றார். நான் சுற்றுகிற சொளவைப் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார், நான் வேலையை அடுப்படிக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றினேன், தூளின் காரம் கதவிடுக்கு வழியாகப் போகத்தான் செய்தது. பம்படி வரிசைக்கு அவர் போகவில்லை, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லித் தப்பித்தார். ஒரு மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு அவர் தூங்கிக்கொண்டிருக்கையில், என் கன்னத்திலிருந்து முன்பல்லுக்காரியும் மற்றவர்களும் இறங்கி, என் விரல் வழியாக நடந்து, அவர் உதட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். பின்னாலேயே அவர் பல்லிடுக்கில் விளக்குமாறு போடுகிற மாதிரிச் சின்னச் சத்தம் கேட்டது. பாத்திரம் வைக்கிற சத்தம், பிள்ளையை அதட்டுகிற சத்தம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் அந்த வருஷத்தில் வேறு என்றைக்கும் இருந்ததில்லை.

ஆடி பிறந்ததும் ஈறு சிவந்தது. வெளிறிக் கிடந்த தோலில் நிறம் ஏறிக்கொண்டு வந்ததைப் பார்க்கும்போது, வாடின செடிக்குத் தண்ணீர் எட்டின மாதிரி இருந்தது. பிறகு ரத்தம் கசிந்தது. தலையணையில் ஒரு பொட்டு, தம்ளர் விளிம்பில் ஒரு கோடு. அவர் என்னைப் பார்ப்பார், நான் ஓடட்டும் என்பேன். அவரும் ஓடட்டும் என்பார். அவருக்குப் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் தலையணை உறையை மதினிக்குத் தெரியாமல் துவைத்தோம்.

ஆடிச் செவ்வாய் ஊர்க் கூட்டாகக் கூழ் ஊற்றுகிற நாள். அன்றைக்குப் பஸ் கிடையாது. எல்லா ஆண்களும் கல்லில் துப்பிவிட்டுத்தான் கூழ்ப் பானையைத் தொட வேண்டும் என்று ஊரில் புதிதாகப் பேசி வைத்திருந்தார்கள். வைரவன் வந்து அத்தானின் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனான்.

"வாங்க கண்டக்டரே, ரொம்ப நாளாக் கல்லுக்கு டிக்கெட் போடாம டிமிக்கி குடுக்கிய."

அத்தான் கல்லுக்கு முன்னால் நின்றார். வாயை மூடிக்கொண்டே நின்றார். பின்னால் இருந்தவர்கள் "உம், ஆகட்டும்" என்றார்கள். துப்பினார்.

அந்த வெள்ளையில் அந்தச் சிவப்பு இருந்த மாதிரி நான் எதையும் பார்த்ததில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு செம்பருத்தி இதழ் அளவுதான். ஆனால் எத்தனையோ காலைகளாக வெள்ளையை மட்டுமே பார்த்துப் பழகின கண்கள் அவை. யாரோ ஒருத்தி கூழ்ப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கொண்டான். மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், கல்லைப் பார்த்தாள், அவள் முகம் எந்த வயசில் அம்மாவைப் பார்த்ததோ அந்த வயசுக்குப் போய்விட்டது.

"ஏலே தம்பி" என்றாள். "எலே தம்பி, என்னலே இது."

"ஒண்ணும் இல்லக்கா."

"வாயைத் திற." திறந்தார். பல்லெல்லாம் சிவப்பு. அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏளா உலகம்மா, என் தம்பிய என்ன பண்ணி வச்சிருக்க?"

கூட்டத்துக்கு நடுவில் நின்று நான் பேசினதே இல்லை. பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மதினி, இது கெட்ட ரத்தம் இல்ல. அடைச்சுக் கிடந்த வாய்க்கா திறந்திருக்கு. பீடிய விட்டதால ஈறுக்கு உசிரு வருது. கொஞ்ச நாள்ல தானா நிக்கும்" என்றேன்.

"யாரு சொன்னா?"

"முன்பல்லுக்காரி."

"அந்த எச்சிக்குடியா?" மதினி தலையில் அடித்துக்கொண்டாள். "அதுகளத் திரும்ப உள்ள ஏத்தி விட்டியா? கடிச்சுத் துப்பின நாயத் திரும்பக் கூட்டிட்டு வந்து கட்டிலுக்கு அடியில கட்டுவியா நீ?"

"மதினி, பல்லு ஆடுது..."

"ஆடினா ஆடட்டும்ட்டி! பல்லு போனா கட்டிக்கிடலாம். ரத்தம் போனா?" அவள் அழுதாள். "எங்க அம்மைக்கும் இப்படித்தான் ஒரு பொட்டுல தொடங்கினது."

"என் வாயப் பாருங்க, பீடிய விடாத வாய்" என்று வைரவன் முன்னால் வந்து கல்லில் துப்பினான். தும்பைப் பூ மாதிரி வெள்ளை. அவனுக்கு அதற்குள் கடைவாய்ப் பல் ஒன்றும் இல்லை, அதை யாரும் பார்க்கவில்லை. வரிசையாக எல்லாரும் துப்பினார்கள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அன்றைக்குக் கல்லில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, அத்தானுடைய சிவப்பு அத்தனை வெள்ளைக்கு நடுவில் அப்படியே இருந்தது.

அவர் என் பக்கத்தில் வந்தார். வாயோரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"உலகு, எனக்குப் பயமா இருக்குட்டி."

"ஓடட்டும் அத்தான். கொஞ்ச நாள்தான்."

"அக்காளப் பாரு."

மதினி எங்கள் வீட்டுக்குள் ஓடினாள். என் சொளவில் முந்தின நாள் சுற்றி அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். கழித்ததல்ல, நூல் பிசகாத, முழுசாகத் தூள் நிறைந்த பீடி. கூழ் அடுப்பில் கொள்ளி எடுத்துப் பற்றவைத்து, தன் வாழ்நாளில் தொடாத புகையில் இருமிக்கொண்டே, தம்பிக்குச் சோறு ஊட்டின அதே விரல்களால் அவர் வாயில் வைத்தாள். உள்ளே முன்பல்லுக்காரி கத்துவது எனக்குக் கேட்டது. "ஓடட்டும்னு சொல்லு, ஓடட்டும்னு சொல்லுளா" என்று கத்தினாள். நான் சொன்னேன். "அத்தான், வேண்டாம்" என்றுகூடச் சொன்னேன். கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் "இழு, இழு, நல்லா இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்.

அன்றைக்கே ரத்தம் நிற்கவில்லை. மதினி எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து ஒன்று மாற்றி ஒன்றாகப் பற்றவைத்துக் கொடுத்தாள். நாள் போகப் போகச் சிவப்பு இளஞ்சிவப்பானது, இளஞ்சிவப்பு ஒரு இழையானது, ஒரு காலையில் கல் முழுக்க வெள்ளை. மதினி பம்படியிலேயே சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெருவுக்குக் கொடுத்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன்னய ஏசிட்டேன், மனசுல வச்சுக்காத தங்கம்" என்றாள். நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் தம்பியைக் காப்பாற்றிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த வழி அது.

அன்று மத்தியானம் ஈறுக்குடிகள் இறங்கினார்கள். இந்தத் தடவை கொஞ்சம் பேர்தான். முன்பல்லுக்காரி கடைசியாக வந்தாள். தலையில் பானை இல்லை, கக்கத்தில் பாய் இல்லை. நான் தம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"பிள்ளை எங்க?" என்று கேட்டேன்.

அவள் திரும்பி, தூங்குகிற அத்தானின் வாயைப் பார்த்தாள். அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் தம்ளரைச் சுற்றிக்கொண்டு, வாசல் படியில் இறங்கி, வெயிலுக்குள் நடந்தாள். கூப்பிட்டேன். என் கன்னத்தில் இடம் இருக்கிறது என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காய்ந்துபோவதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டுமோ அவ்வளவு தூரம் நடந்தாள்.

புரட்டாசியில் பல் விழுந்தது. இட்லி தின்றுகொண்டிருந்தார். வாயில் ஏதோ தட்டுப்பட்டது என்று எடுத்துப் பார்த்தார், முன்பல். வேரெல்லாம் கறுத்து அரித்திருந்தது. ரத்தம் இல்லை, வலி இல்லை. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மிச்ச இட்லியைத் தின்று முடித்தார். அப்புறம் மற்றதும், அதற்குப் பக்கத்தில் இருந்ததும். விசில் ஊத வேறு ஆள் வந்தான். ஊரில் மற்ற ஆண்களுக்கும் அப்படியே உதிர்ந்தது, முப்பது வயசுக்காரனுக்கும் நாற்பது வயசுக்காரனுக்கும் கன்னம் உள்ளே போயிற்று. வைரவன் கடையில் முறுக்கு போடுவதை நிறுத்திவிட்டான், பன்னை டீயில் ஊறவைத்துக் கொடுத்தான். ஐயம்பெருமாளின் புதுப் பெண்டாட்டி இடியாப்பம் பிழிய அச்சு வாங்கினாள். யாருக்கும் குறை இல்லை. காலையில் வரிசையாக நின்று, குழறிக் குழறிப் பேசிக்கொண்டு, கல்லில் வெள்ளையாகத் துப்பிவிட்டுப் போனார்கள்.

அத்தான் மட்டும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். வேலை இல்லாததால் பகலெல்லாம் வீட்டில் இருந்தார். நான் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார், கேட்பார், கொடுப்பேன். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது பாப்பா தவழ்ந்து வந்து அவர் மடியில் ஏறி, அவர் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். கீழீறில் அரிசி நுனி மாதிரி ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது.

"எட்டி, பல்லு!" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் குரலில் பஸ்ஸில் கேட்கிற அந்தச் சந்தோஷம் வந்தது. "உலகு, இங்க பாரு, பாப்பாவுக்குப் பல்லு!"

சந்தோஷத்தில் அவளைத் தூக்கி, வாயோடு வாயாக முத்தம் கொடுக்கக் குனிந்தார்.

நான் யோசிக்கவில்லை. சொளவிலிருந்து என் கை தானாகப் போய் நடுவில் நின்றது. அவர் முத்தம் என் உள்ளங்கையில் விழுந்தது. ஈரமாக இருந்தது, சத்தம் இல்லாமல் இருந்தது, அந்த உதட்டுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருட்டில் மூச்சு விடாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

அவர் முகத்தை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் உள்ளங்கையிலேயே வாயை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு பல் இல்லாத வாயால், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"உன் கையிலயும் அதே வாசம்தான் உலகு."

பாப்பாவை என் மடியில் விட்டுவிட்டு, எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் கையைத் திருப்பிப் பார்த்தேன். ரேகையெல்லாம் தூள். நகக்கண்ணெல்லாம் தூள். அதைத் துடைக்க முந்தானையைத் தேடுவதற்குள் பாப்பா என் விரலைப் பிடித்துத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

இழுத்தேன். முளைத்த பல்லால் இறுக்கிக் கடித்துக்கொண்டாள், விடவில்லை.